சிலோன் என்னும் சொல்லின் சுவை

சில ஆண்டுகளுக்கு முன்னர் ரொறன்ரோவில் உறவினர் வீடொன்றில் தங்கியிருந்தேன். முதல் நாள் மாலை தேநீர் தந்தார்கள். குசினி மேசையில் வாளேந்திய சிங்க முத்திரை பதித்த தகர டப்பா ஒன்று இருந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாங்கும் வகையைச் சேர்ந்தது. ஒரு மிடறு அருந்தியதும், "என்ன இருந்தாலும் நம் நாட்டுத் தேயிலையின் வாசமே தனி" என்றேன். தெல்தோட்டை மலைகளில் பால்யத்தைக் கழித்தவன் என்ற உரிமையோடு, அந்த நிறத்தையும் துவர்ப்பையும் பற்றி ஐந்து நிமிடங்கள் விரிவுரையே ஆற்றினேன். வீட்டுக்கார அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "தம்பி, அந்த டப்பா முடிஞ்சு இரண்டு வருஷம். வடிவான டப்பா எண்டு எறிய மனமில்லை. உள்ளுக்க கிடக்கிறது இங்கத்தைச் சுப்பர் மார்க்கெட் தூள். எந்த நாட்டுத் தூளோ, ஆருக்குத் தெரியும்!"

என் நாக்கு என்னை ஏமாற்றிவிட்டது என்றுதான் அன்று எண்ணினேன். பிறகு யோசித்தபோது, நாக்கின் மீது பிழை இல்லை என்று பட்டது. நான் தேநீரை அருந்தவில்லை. டப்பாவில் இருந்த பெயரை அருந்தியிருக்கிறேன்.

இந்த விடயத்தை அறிவியலாளர்கள் நெடுங்காலமாகவே ஆராய்ந்து வருகிறார்கள். விந்தை என்னவென்றால், அவர்களுடைய ஆய்வுகளில் முக்கியமான சில தேநீரை வைத்தல்ல, பியரை வைத்தே நடந்தன. 1964இல் அமெரிக்காவில் அலிசன், யூல் என்ற இருவர் வழக்கமாகப் பியர் அருந்துவோரின் வீடுகளுக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத போத்தல்களைக் கொடுத்தனுப்பினார்கள். எந்தப் போத்தல் எந்தக் கம்பனியுடையது என்று அருந்தியவர்களுக்குத் தெரியாது. தத்தம் அபிமானப் பியரை அவர்களால் இனங்காண முடியவில்லை. எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணையே போட்டார்கள். அடுத்து அதே பியரைப் பெயர்ச்சீட்டுடன் கொடுத்தபோது மதிப்பெண்கள் உயர்ந்தன. அவரவருடைய அபிமானப் பெயர் திடீரென்று தனிச்சுவை பெற்றுவிட்டது.

இதைவிட நுட்பமான ஆய்வு 2006இல் வெளிவந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன வளாகத்தின் மதுச்சாலைகளில் லெனார்ட் லீயும் அவருடைய சகாக்களும் அதை நடத்தினார்கள். சாதாரண பியர் ஒரு கோப்பை, அதே பியரில் சில துளி பல்சாமிக் வினாகிரி கலந்தது இன்னொரு கோப்பை. எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது பாதிக்கு மேற்பட்டோர் வினாகிரி கலந்த பியரையே விரும்பினார்கள். "இதில் வினாகிரி இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது அந்தத் தொகை மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. மூன்றாவது குழுவினரிடம் செய்ததுதான் ஆய்வின் உயிர்நாடி. அவர்களை முதலில் அருந்த வைத்து, அதன் பின்னரே வினாகிரி விடயத்தைச் சொன்னார்கள். அவர்களுடைய விருப்பம் பெரிதாக மாறவில்லை. "அப்படியா, பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது" என்ற பாங்கிலேயே இருந்தார்கள்.

இதன் பொருள் என்ன? அருந்துவதற்கு முன்னர் காதில் விழும் சொல் சுவையையே மாற்றுகிறது. அருந்திய பின்னர் வரும் சொல் வெறும் செய்தியாக நின்றுவிடுகிறது. பெயர் எப்போது வருகிறது என்பதே இங்கு முக்கியம். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மீண்டும் இந்த இடத்துக்கு வருவேன்.

பியர் நம் மலைநாட்டுக்குப் புதிய சங்கதி அல்ல. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உருவாக்கக் கனவு கண்டவர். 1849இல் அங்கு பியர் வடிக்கும் முயற்சியைத் தொடங்கியவரும் அவரே. குளிர்ந்த காற்றும் மலையருவி நீரும் அதற்குத் தோதாக இருந்தன. 1881இல் அத்தொழில் கம்பனி வடிவம் பெற்றது. இன்றைய சிங்கமார்க் பியரின் பூர்வீகம் அதுவே. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கடந்த பின்னர், தொண்ணூறுகளின் இறுதியில் வடிசாலை பியகமவுக்கு இறங்கியது. மூலப்பொருளை மலைக்கு ஏற்றி, போத்தலை மலையிலிருந்து இறக்கும் செலவை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது.

அந்நாட்களில் கண்டி நண்பர்கள் பலர், "மலைத்தண்ணீர் போயிற்று, சுவையும் போயிற்று" என்று புலம்பக் கேட்டிருக்கிறேன். அவர்களுள் ஒருவர்கூடப் பழையதையும் புதியதையும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தவர் அல்லர். தண்ணீர் மாறியது என்ற செய்தி முதலில் வந்தது. சுவை அதன் பின்னால் மாறியது. அவர்கள் சொன்னது பொய் என்று நான் வாதிட வரவில்லை. உண்மையாகவே மாறியும் இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்கும் தகுதியை அந்தச் செய்தி அவர்களிடமிருந்து பறித்துவிட்டது.

அதே வடிசாலையின் கறுப்புப் பியரான ஸ்டவுட்டின் கதை இதற்கு மறுதலை. எங்கள் ஊர்ப்பக்கம் அதை ஏதோ கைமருந்துபோலப் பேசுவார்கள்; நாகரிகமான குடிவகையாக யாரும் மதித்ததாக எனக்கு நினைவில்லை. பியர் பற்றி எழுதி உலகப் புகழ்பெற்ற ஆங்கிலேயரான மைக்கல் ஜாக்சன் (1942-2007, பாடகர் அல்லர்) அதை மெச்சி எழுதினார். அதன் பிறகு மேனாட்டுப் பியர் அபிமானிகள் தேடி அருந்தும் பொருளாக அது மாறிற்று. ஒரே திரவம்தான். ஓரிடத்தில் கைமருந்து, மற்றோரிடத்தில் அரும்பொருள்.

கள்ளின் கதை இன்னும் பரிதாபமானது. போதையின் அளவில் கள்ளும் பியரும் ஏறத்தாழ அண்ணன் தம்பிகள். ஆயினும் துரைமார் கிளப்பில் அருந்திய பியர் நாகரிகத்தின் அடையாளமாயிற்று. தொழிலாளி தவறணையில் அருந்திய கள் ஒழுக்கக்கேட்டின் அடையாளமாயிற்று. குடியை நான் நியாயப்படுத்த வரவில்லை. தோட்டத்துக் குடும்பங்களைத் தவறணையும் கசிப்பும் சீரழித்ததைக் கண்ணால் கண்டவன் நான். கோப்பைக்குள் இருப்பதை விட்டுவிட்டு, அதை ஏந்திய கையைப் பார்த்தே தீர்ப்பு எழுதப்பட்டது என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக ஏறினால் தெல்தோட்டை. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் சிறிய மலைநகரம். அதற்கு மேலே உள்ளது லூல்கந்துர தோட்டம். 1852இல் பதினேழு வயதைக்கூடத் தொடாத ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்தார். அக்காலம் கோப்பியின் காலம். 1867இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் அவர் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1869இல், கோப்பியிலை நோய் தலைகாட்டியது. அடுத்த இரு தசாப்தங்களுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. டெய்லரின் பத்தொன்பது ஏக்கர் ஒரு நாட்டின் பிழைப்பாயிற்று.

தொடக்கத்தில் தொழிற்சாலை கிடையாது. டெய்லரின் பங்களாவே தொழிற்சாலை. விறாந்தையில் போட்ட மேசைகளின் மீது கொழுந்தைப் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையான கையால் உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டுகளில் வைத்து உலர்த்தினார்கள். அந்தத் தேயிலையை அயல்தோட்டத்தவர்கள் ஒரு றாத்தல் ஒன்றரை ரூபா கொடுத்து வாங்கினார்கள். வாங்கிய தோட்டத்துரை ஒருவர் அது மிகச் சுவையாக இருந்ததாகக் குறித்துவைத்திருக்கிறார். இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 'சிலோன் டீ' என்ற பெயரே பிறக்காத காலம் அது. பெயரின் துணையில்லாமல், சுவைக்காக மட்டும் இந்தத் தேயிலை மெச்சப்பட்ட சில ஆண்டுகள் அவை.

1873இல் லூல்கந்துரவிலிருந்து இருபத்து மூன்று றாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றது. அங்கே அதற்குப் பெயர் இல்லை. தேயிலை என்றால் சீனத் தேயிலை; அந்த மெல்லிய சுவைக்கே இலண்டன் நாக்குப் பழகியிருந்தது. இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் நிறத்தில் கடுமையானவை, துவர்ப்பில் கூடியவை. பழக்கப்பட்ட நாக்குக்கு இது குறைபாடாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சிறப்பாக மாற்றியது விளம்பரம். சீனத் தேயிலை கலப்படமானது, அசுத்தமானது. நம்முடையது இயந்திரத்தில் செய்யப்பட்டது, தூயது என்று வணிகர்கள் ஓயாமல் முழங்கினார்கள். 1880களின் இறுதிக்குள் பிரித்தானியச் சந்தையில் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து சீனாவை முந்தின.

1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்பதே அவருடைய விளம்பரத்தின் சாரம். அடுத்த ஆண்டு மார்ச்சில், இலண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் கார்ட்மோர் தோட்டத்துத் தங்கமுனைத் தேயிலை ஒரு றாத்தல் பத்துப் பவுண் பன்னிரண்டு சிலிங் ஆறு பென்சுக்கு ஏலம் போயிற்று. சாதாரணத் தேயிலை பென்ஸ் கணக்கில் விற்ற காலம் அது. வாங்கிய மசவாட்டி கம்பனி அறியாமையால் அந்த விலையைக் கொடுக்கவில்லை. அந்த விலையே விளம்பரம். பத்திரிகைகள் எழுதின; ஊர் பேசியது; சாதாரணச் சிலோன் தேயிலையை வாங்கிய குடும்பத் தலைவியின் கோப்பையிலும் அந்தப் பத்துப் பவுணின் வாசம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. விலையுயர்ந்தது என்று சொல்லிக் கொடுத்தால் அதே வைன் கூடுதல் இன்பம் தருகிறது என்பதை, மூளையைப் படம்பிடித்துப் பார்த்து 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மின்சிங் லேன் வணிகர்களுக்கு அது நூற்றுப்பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்திருந்தது.

1932இல் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே ஒரு சபை அமைக்கப்பட்டது. 1972இல் நாடு சிலோன் என்ற பெயரைக் களைந்து ஸ்ரீலங்கா ஆயிற்று. தேயிலை மட்டும் பெயரைக் களையவில்லை. 2011இல் அரச நிறுவனங்களில் எஞ்சியிருந்த சிலோனையும் நீக்க அரசாங்கம் தீர்மானித்தபோதும் தேயிலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது. சுதந்திர நாடு ஒன்று தன் குடியேற்றகாலப் பெயரைத் தன் பண்டத்துக்காகக் காத்துவைத்திருக்கிறது. அந்தப் பெயரில் எவ்வளவு சுவை இருக்கிறது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

உயரத்தின் பெயரும் இவ்வாறுதான். நாலாயிரம் அடிக்கு மேல் விளைந்தால் உயர்ந்தது, இரண்டாயிரத்துக்குக் கீழ் விளைந்தால் தாழ்ந்தது என்பது ஒரு நூற்றாண்டு வேதவாக்கு. அது இலண்டன் நாக்கு எழுதிய வேதம். வாங்குபவர் மாறி, மத்திய கிழக்கும் ரஷ்யாவும் பெரிய சந்தைகளானபோது, கறுத்த, கனத்த தாழ்நிலத் தேயிலை மேலே ஏறிவிட்டது. நடுவில் அகப்பட்டுக்கொண்டவை கண்டிப் பகுதியின் நடுத்தர உயரத் தோட்டங்கள். அவற்றுக்குப் பழைய மகிமையும் இல்லை, புதிய கிராக்கியும் இல்லை. 1992இல் பெரும்பாலான தோட்டங்கள் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோது, இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பல அரசின் கையிலேயே தங்கின. தேயிலை பிறந்த மண்ணில் இன்று காடேறிக் கிடக்கும் மலைகளைக் காண்பவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

இதுவரை எழுதியது பண்டத்தின் பெயர் பற்றி. விறாந்தையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை உருட்டிய கைகள் எவருடையவை?

டெய்லரின் பெயர் நமக்குத் தெரியும். 1892இல் வயிற்றுளைச்சலால் இறந்த அவருடைய கல்லறை கண்டி மஹியாவையில் இருக்கிறது. உல்லாசப் பயணிகள் லூல்கந்துரவில் அவர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கையைப் பார்க்கச் செல்கிறார்கள். செல்லட்டும், அவர் உழைப்பாளி. ஆனால் அவருடன் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களுள் ஒருவருடைய பெயரையாவது அந்தப் பயணிகளுக்கு எவரும் சொல்வதில்லை. லிப்டனின் விளம்பரத்தில் கூடை சுமந்த பெண்ணின் உருவம் இருந்தது, பெயர் இல்லை. தேயிலைக்கு முன்னால் ஒரு பெயர் வைக்கப்பட்டது. அதைப் பறித்தவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது வேறொரு பெயர்.

கூலி. கள்ளத்தோணி. தோட்டக்காட்டான். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தச் சொற்கள் நகரத்துத் தமிழர் வாயிலும் தாராளமாகப் புழங்கின. மதுச்சாலை ஆய்வை இங்கே நினைவுகூருங்கள். வினாகிரி என்ற சொல்லை முன்கூட்டியே கேட்டவர் அந்தக் கோப்பையை நியாயமாகச் சுவைக்க முடியாதவர் ஆகிறார். தோட்டக்காட்டான் என்ற சொல்லை முன்கூட்டியே கேட்டவர் அந்த மனிதரை நியாயமாகச் சந்திக்க முடியாதவர் ஆகிறார். பேசிப் பழகிய பின்னர் ஒருவருடைய ஊர் தெரியவந்தால், "அப்படியா?" என்பதோடு முடிந்துவிடும். முன்னரே தெரிந்துவிட்டால் பேச்சே தொடங்காது.

இதை நான் அனுபவித்தவன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கட்டுரையைச் சொந்தப் பெயருடனும் தோட்ட முகவரியுடனும் அனுப்பினேன். திரும்பி வந்தது. சில மாதங்கள் கழித்து, ஒரு வரியும் மாற்றாமல், கொழும்பு நண்பர் ஒருவரின் முகவரியில் புனைபெயரிட்டு அதே இடத்துக்கு அனுப்பினேன். பிரசுரமாயிற்று, "நல்ல நடை" என்று பாராட்டுக் கடிதமும் வந்தது. அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் முகவரியை வாசித்த பின்னரே கட்டுரையை வாசித்தார், அவ்வளவுதான்.

பெயர் சட்டமாகவும் மாறும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பங்கிட்டது. தமிழகம் சென்றவர்களில் பலர் நீலகிரியில், கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைக்கே சென்று சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? 'சிலோன்காரர்'. தகர டப்பாவில் ஒட்டினால் விலையை உயர்த்தும் அதே சொல். மனிதர் மீது ஒட்டியபோது வெளியூரான், வந்தேறி என்று பொருள்பட்டது. ஒரு சொல்லுக்குள் இத்தனை இனிப்பும் இத்தனை கசப்பும் இருக்க முடியும் என்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பெயருக்காகப் போராடியவர்களும் இருந்தார்கள். 1920களிலேயே பத்திரிகையை ஆயுதமாக ஏந்திய கோ. நடேசய்யர், தொழிலாளியை மனிதனாக எழுதினார். என் தொழிலின் முன்னோடியாக அவரை வணங்குகிறேன். 2003இல் எஞ்சிய நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது. 2023இல், வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த தடத்தில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த நடைபவனிக்கு அவர்கள் வைத்த பெயர் 'மாண்புமிகு மலையக மக்கள்'. அடைமொழியைத் தாங்களே முன்னால் வைத்துக்கொண்டார்கள். பெயர் முதலில் வர வேண்டும் என்பதை அவர்களுக்கு எந்த ஆய்வாளரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெயர் வந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை கைகூடுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின; 2021இல் அது வர்த்தமானியில் வந்து, கைக்குக் கிடைத்து ஓராண்டுக்குள் ரூபாவின் பெறுமதி சரிந்துவிட்டது. சிலோன் என்ற சொல் சேர்க்கும் பெறுமதியில் கொழுந்து பறிப்பவருடைய பங்கு எவ்வளவு என்ற கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கணக்குக் கேட்பதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும்.

கடைசியாக ஊருக்குப் போனபோது, ஓய்வுபெற்ற கொழுந்துக்கார அம்மா ஒருவர் லயத்து வாசலில் எனக்குப் பிளேன் டீ தந்தார். கையில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் வைத்தார். ரொறன்ரோ டப்பாக் கதையை அவரிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"டின்னுல வந்தா ருசி கூடத்தானுங்க தம்பி இருக்கும். நாங்க பறிக்கிறப்ப டின்னு இல்லியே."

தோட்டத்தில் கிடைத்த தூள்தான். ஏலத்துக்குப் போகாத வகை. நான் அதை நிதானமாக அருந்தினேன். நன்றாக இருந்தது. அந்த அம்மாவின் கையால் கிடைத்தது என்பதனால் அவ்வாறு தோன்றியிருக்கலாம் என்று நீங்கள் சொல்லக்கூடும். மறுக்க மாட்டேன். எதிர்பார்ப்பு இல்லாத சுவை மனிதனுக்கு வாய்ப்பதில்லை என்றால், எதைத் தெரிந்துகொண்டு அருந்துகிறோம் என்பதையாவது நாம் தெரிவுசெய்யலாம். அடுத்த முறை சிங்க முத்திரையிட்ட டப்பாவைத் திறக்கும்போது, லூல்கந்துர விறாந்தையில் தேய்ந்த அந்த முழங்கைகளையும் முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். தேநீர் கெட்டுவிடாது.